புற்றுநோய் மருத்துவமனையில் பேத்தாலஜி ஃபெலோஷிப்: எதைப் பார்த்துச் சேர்வது, அங்கே எதைக் கற்பது

கேள்வி இது: பேத்தாலஜியில் (திசுவைப் பார்த்து நோயைக் கண்டறியும் துறை) முதுகலை முடித்தாயிற்று. புற்றுநோய்க்கென்றே இயங்கும் மருத்துவமனையில் ஓராண்டோ ஈராண்டோ ஃபெலோஷிப் (முதுகலைக்குப் பிந்தைய சிறப்புப் பயிற்சி) செய்ய நினைப்பவர் எந்தப் பிரிவை எடுப்பது, இடத்தை எப்படி எடைபோடுவது, வெளியே வரும்போது கையில் என்ன இருக்க வேண்டும்?

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடலாம். மூத்தவர் ஸ்லைடைத் தொடும் முன்பே உங்கள் முடிவை முழு ரிப்போர்ட்டாக நீங்கள் எழுதி வைக்க விடும் இடத்துக்குப் போங்கள். கேஸ் எண்ணிக்கை, நிறுவனத்தின் பெயர், கருவிகள் எல்லாம் அதற்கு அப்புறம்தான். பலர் சேர்ந்து பார்க்கும் பல தலை நுண்ணோக்கியில் பக்கத்தில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் கேஸ் பார்த்திருந்தாலும், இன்னொருவர் சொல்லக் கேட்டுத் தலையாட்டியவரிடம் அதிகம் தங்காது. விடை காதில் விழுந்ததும் "நானும் அதைத்தான் நினைத்தேன்" என்று மனம் சொல்லிக்கொள்ளும். எழுதி வைத்திருந்தால் அந்தச் சாக்கு செல்லாது.

முதுகலையில் கேள்வி "இது என்ன கட்டி" என்பதோடு நின்றுவிடும். ஃபெலோஷிப்பில், சிகிச்சையைத் திருப்பிவிடக்கூடிய எந்த விவரம் இந்த ஸ்லைடில் இருக்கிறது என்று தேட வேண்டும். நாக்கில் ஸ்குவாமஸ் கார்சினோமா (தட்டையான மேற்பரப்பு செல்களில் தோன்றும் புற்று) என்று சொல்ல ஃபெலோஷிப் தேவையில்லை. 1.8 செ.மீ. கட்டி 4 மி.மீ. ஆழம் ஊடுருவியிருந்தால் ஏ.ஜே.சி.சி. (புற்றுநோயின் நிலையை வகுக்கும் அமெரிக்கக் குழு) 8-ஆம் பதிப்பின்படி பி.டி. 1 (கட்டியின் நிலையைக் குறிக்கும் எண்), 6 மி.மீ. என்றால் பி.டி. 2. அந்த ஆழத்தைப் பக்கத்தில் இருக்கும் இயல்பான சளிச்சவ்வின் அடித்தளச் சவ்வு மட்டத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டதுபோல் செங்குத்தாக அளக்க வேண்டும். கட்டியின் தடிமனை அளந்து ஆழம் என்று எழுதுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. வெளியே துருத்திய கட்டியில் தடிமன் ஆழத்தைவிடக் கூடும், புண்ணாகிக் குழிந்த கட்டியில் குறையும். இரண்டிலும் நிலை தவறிப்போகும்.

பிரிவுத் தேர்வுக்கு வருவோம். பொதுப் புற்றுநோய் பேத்தாலஜி பெரும்பாலும் ஓராண்டு, சில இடங்களில் ஈராண்டு. உறுப்பு வாரியான பயிற்சிகள் மார்பகம், பெண் இனப்பெருக்க உறுப்புகள், குடல்-கல்லீரல்-கணையம், சிறுநீரக-ப்ராஸ்டேட், தலை-கழுத்து, நுரையீரல், எலும்பு-மென்திசு, மூளை-நரம்பு என்று போகும். ஹீமட்டோபேத்தாலஜி (இரத்தம், மஜ்ஜை, நிணநீர் நோய்கள்), சைட்டாலஜி (ஊசியில் எடுத்த தனி செல்களைப் பார்ப்பது), மூலக்கூறு பேத்தாலஜி (மரபணுச் சோதனைகள்) மூன்றும் தனி. மூன்று நான்கு பேர் மட்டுமே உள்ள துறையில் பிற்பாடு வேலை பார்க்கப் போகிறவர் முதலில் பொதுப் பயிற்சியை எடுப்பது புத்திசாலித்தனம். எலும்பு-மென்திசுவில் மட்டும் ஓராண்டு ஊறியவர், மாதம் ஒரு சார்கோமாகூட (எலும்பு, மென்திசுப் புற்று) வராத இடத்தில் போய் உட்கார்ந்தால் கற்றது மங்கிப்போகும். ஹீமட்டோபேத்தாலஜியை மட்டும் இந்தக் கணக்கிலிருந்து விலக்கிவிட வேண்டும். எலும்பு மஜ்ஜை, நிணநீர் முடிச்சு, ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களை ஒவ்வொன்றாக லேசர் வழியே ஓடவிட்டு வகை பிரிப்பது), குரோமோசோம் ஆய்வு நான்கையும் ஒரே மேசையில் வைத்து ஒரே முடிவாகச் சொல்லும் பழக்கம் இரண்டு மாதச் சுழற்சியில் வராது. அந்தப் பக்கம் போவதென்றால் முழுமையாகப் போக வேண்டும்.

இனி கிராசிங். அறுவைச் சிகிச்சையில் எடுத்த உறுப்பைப் பார்த்து, அளந்து, மையிட்டு, துண்டு எடுக்கும் மேசை. ஃபெலோவாக வந்த பிறகும் இதுவா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் புற்றுநோய் ரிப்போர்ட்டில் நேரும் திருத்தவே முடியாத பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன. ஸ்லைடைத் தவறாகப் படித்தால் மறுபடி எடுத்துப் பார்க்கலாம். மையிடாமல் வெட்டிய மார்ஜினை (வெட்டு விளிம்பை) யாராலும் மீட்க முடியாது.

மேசைக்கு வரும் முன்பே ஃபிக்சேஷன் (திசு கெடாமல் ஃபார்மலினில் பதப்படுத்துவது) தொடங்கிவிடுகிறது. 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின், திசுவின் கன அளவைப்போல் பத்து மடங்கு. ஃபார்மலின் திசுவுக்குள் ஏறத்தாழ மணிக்கு ஒரு மி.மீ. என்ற கணக்கில்தான் ஊர்கிறது. முழு மார்பகத்தை அறுக்காமல் வாளியில் போட்டு மூடினால், நடுவில் உள்ள கட்டியை அது எட்டுவதற்குள் திசு அழுகத் தொடங்கிவிடும். அப்புறம் ஹார்மோன் ஏற்பி சோதனை பொய்யாக நெகட்டிவ் வரும், மைட்டோசிஸ் (பிரியும் செல்கள்) எண்ணிக்கை குறையும், அதனால் கிரேடும் (கட்டியின் தீவிரத் தரம்) சரியும். மார்பகத் திசுவுக்கு விதி தெளிவாக இருக்கிறது: உடலிலிருந்து எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போக வேண்டும், ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரம் இருக்க வேண்டும். இரண்டு நேரமும் ரிப்போர்ட்டில் பதிவாக வேண்டும். வார இறுதியில் வரும் மாதிரியை யார் அறுத்து வைக்கிறார்கள் என்று சேர்ந்த முதல் வாரமே விசாரியுங்கள். ஆய்வகத்தின் தரம் அந்த ஒரு பதிலில் தெரிந்துவிடும்.

மலக்குடல் மாதிரியைப் பழகுவது மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை. புதிதாக வந்தவுடன் முன்புறமும் பின்புறமும் புகைப்படம் எடுத்து, மீசோரெக்டம் (மலக்குடலைச் சுற்றிய கொழுப்புறை) முழுமையாக இருக்கிறதா, ஏறத்தாழ முழுமையா, குறைபட்டதா என்று மூன்றில் ஒன்றாக மதிப்பிட வேண்டும். வெட்டிய பிறகு இந்த மதிப்பீட்டைச் செய்யவே முடியாது. பெரிட்டோனியம் (வயிற்றின் உள்ளுறை) போர்த்தாத பரப்புக்கு மட்டும் மை. கட்டி இருக்கும் இடத்தைத் திறக்காமல் மேலும் கீழும் முன்பக்கமாகத் திறந்து, உள்ளே ஃபார்மலினில் நனைத்த துணியைத் திணித்து, குறைந்தது இரண்டு நாள் ஊற விட வேண்டும். பிறகு 3 முதல் 5 மி.மீ. கனத்தில் குறுக்கு வில்லைகள். கட்டிக்கும் மையிட்ட சுற்று மார்ஜினுக்கும் இடைவெளி 1 மி.மீ. அல்லது அதற்குக் குறைவு என்றால் மார்ஜின் பாசிட்டிவ். அவசரப்பட்டு ஊறாத திசுவை வெட்டினால் வில்லைகள் நசுங்கி அந்த 1 மி.மீ. பொருளற்றதாகிவிடும். நிணநீர் முடிச்சு 12-க்குக் குறைந்தால் கொழுப்பை மறுபடி தேட வேண்டும். முன்கூட்டியே கதிரியக்கம் கொடுத்த நோயாளியில் உண்மையிலேயே குறைவாகத்தான் கிடைக்கும். அப்போதும் திரும்பத் தேடியதை ரிப்போர்ட்டில் ஒரு வரி சொன்னால் எதிரே படிப்பவருக்கு நிம்மதி.

கீமோதெரபி முடித்து வரும் மார்பகம் இதைவிடக் கடினம். கட்டி கண்ணுக்குத் தெரியாது. வெளிறிய, ரப்பர் போன்ற ஒரு படுகை மட்டும் கைக்குத் தட்டுப்படும். சிகிச்சைக்கு முன் கட்டியில் அடையாளமாக வைத்த உலோகக் கிளிப்பை மாதிரியின் எக்ஸ்-ரேயில் கண்டுபிடித்து, அந்த இடத்தை வரைபடமாக்கி, எந்த பிளாக் (மெழுகில் பதித்த திசுத் துண்டு) எங்கிருந்து என்று குறித்து எடுக்க வேண்டும். எஞ்சிய நோயின் சுமையைக் கணக்கிடக் கட்டிப் படுகையின் இரு அளவுகள், அதில் புற்றணுக்களின் (புற்று செல்களின்) சராசரி சதவீதம், அதில் குழாய்க்குள்ளேயே நிற்கும் பகுதி எவ்வளவு, நோய் ஏறிய முடிச்சுகள் எத்தனை, மிகப் பெரிய படிவு எத்தனை மி.மீ. என்பவை தேவை. சராசரியைப் படுகை முழுவதற்கும் எடுக்க வேண்டும். அணுக்கள் நெருக்கமாக உள்ள ஒரு மூலையை மட்டும் பார்த்து எழுதினால் சுமை பொய்யாகக் கூடிவிடும். கிளிப்பே கிடைக்கவில்லை என்றால் "முழுமையான பலன்" என்று எழுதக் கை கூசவேண்டும். படுகையையே நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்றுதான் அதற்குப் பொருள்.

ஆஸ்டியோசார்கோமாவில் (ஒருவகை எலும்புப் புற்று) நீளவாக்கில் கட்டியின் மிகப் பெரிய பரப்பு தெரியும்படி ஒரு முழுப் பலகையாக அறுத்து, கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் எண்ணிட்ட பிளாக்காக எடுப்பார்கள். கட்டியில் 90 சதவீதமோ அதற்கு மேலோ செத்திருந்தால், முன்பே கொடுத்த கீமோதெரபிக்கு நல்ல பலன். இங்கே ஒரு நுணுக்கம்: கால்சியம் நீக்க வலுவான அமிலத்தில் போட்ட திசுவில் டி.என்.ஏ. சிதைந்துபோகும். மரபணுச் சோதனை தேவைப்படலாம் என்று தோன்றினால் கட்டியின் மென்மையான பகுதியை அமிலம் படாமல் தனி பிளாக்காக முதலிலேயே எடுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈ.டி.டி.ஏ. என்ற மென்மையான கரைசலில் மெதுவாகக் கால்சியம் நீக்கலாம், நாள் பிடிக்கும். மரபுவழி ஆபத்து உள்ள பெண்ணுக்கு முன்தடுப்பாக எடுத்த கருக்குழாயிலும் முறை தனி. விரல்போன்ற நுனியோடு கடைசி 2 செ.மீ.யை நீளவாக்கில் சீவி, மீதியை 2 முதல் 3 மி.மீ. வில்லைகளாக்கி, முழுவதையும் மெழுகில் பதிய வேண்டும். வழக்கம்போல் ஒரு குறுக்குத் துண்டு மட்டும் எடுத்தால், தேடிய நோய் குப்பை வாளிக்குப் போயிருக்கும்.

ஃப்ரோசன் (அறுவை நடக்கும்போதே திசுவை உறையவைத்துப் பார்த்து உடனே பதில் சொல்வது) பற்றி அதிகம் சொல்வதைவிட அந்த அறையில் நிறைய நிற்பதே மேல். ஒற்றை பிளாக்குக்கு 20 நிமிடம் என்பது பரவலான இலக்கு. கிரையோஸ்டாட் (உறைந்த திசுவைச் சீவும் குளிர்க் கருவி) பொதுவாக மைனஸ் 20 டிகிரியில் இருக்கும். கொழுப்பு மிகுந்த திசு இன்னும் குளிராக இருந்தால்தான் வெட்டுப்படும், மூளைத்திசுவுக்கு அத்தனை குளிர் ஆகாது. உப்புநீரில் நனைத்து அனுப்பிய திசுவை ஒற்றியெடுக்காமல் உறையவைத்தால் பனிப்படிகம் அணுக்களைத் துளைத்துவிடும். மூளையில் இந்தத் தொல்லைக்காகவே ஒரு துளியை நசுக்கி ஸ்மியரும் போடுவார்கள், பல நேரம் அதுதான் விடை சொல்லும். எதை உறையவைக்கக் கூடாது என்பதும் இந்தப் பயிற்சியின் பாடம்: மச்சம்போன்ற கருநிறத் தோல் கட்டி, முழுவதும் உறைந்தால் பிறகு எதுவும் மிஞ்சாத அளவுக்குச் சிறிய துணுக்கு, வகை பிரிக்க வேண்டிய லிம்போமா (நிணநீர்ப் புற்று). அறுவை மருத்துவரின் கை அந்த நொடியில் எதற்காகக் காத்திருக்கிறது என்று கேட்டு அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். "இதில் முடிவு சொல்ல இயலவில்லை, நிரந்தர ஸ்லைடுக்காகக் காத்திருங்கள்" என்பதும் முறையான பதிலே. அதைச் சொல்லத் துணியாதவர்களிடமிருந்துதான் பெரிய தவறுகள் வருகின்றன. ஃப்ரோசனும் நிரந்தர ஸ்லைடும் வேறுபட்டால் காரணத்தை மூன்றில் ஒன்றாகக் குறித்து வையுங்கள்: துண்டு எடுத்த இடம் தவறு, பார்வை தவறு, தொலைபேசியில் சொன்னது ஒன்று கேட்டது ஒன்று. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

ரிப்போர்ட் எழுதும் ஒழுங்குக்கு வருவோம். ஸ்லைடு கையில் வந்ததும் முதலில் ஸ்லைடின் எண்ணையும் படிவத்தின் எண்ணையும் ஒப்பிடுவது, பிறகு சிறிய லென்ஸில் முழுத் திசுவையும் ஒரு சுற்று, அப்புறம்தான் பெரிய லென்ஸ். கட்டியை மட்டும் பார்த்துவிட்டு மூடாமல் மார்ஜின், இரத்தக்குழாய், நரம்பைச் சுற்றிய பகுதி, முடிச்சின் ஓரம் எல்லாவற்றையும் பார்த்து, நிலை, கிரேடு உட்பட முழு வடிவத்தில் எழுதுங்கள். "கார்சினோமா, உறுதி செய்யவும்" என்று எழுதுவது முன்பார்வை ஆகாது. மூத்தவர் கையெழுத்திட்டதும் உங்கள் வடிவத்துக்கும் அவருடையதற்கும் இடையே எங்கே வேறுபாடு என்று ஒரு குறிப்பேட்டில், நோயாளியின் அடையாளம் இல்லாமல், ஒரு வரி. மூன்று மாதத்தில் அந்தக் குறிப்பேடு உங்கள் கண்ணின் பலவீனத்தை அப்பட்டமாகக் காட்டிக்கொடுக்கும். ஒருவர் எப்போதும் இரத்தக்குழாய் ஊடுருவலைத் தவறவிடுவார், இன்னொருவர் ப்ராஸ்டேட்டில் கிரேடு குரூப் 2-ஐ 3 என்று உயர்த்திக்கொண்டே இருப்பார்.

மைட்டோசிஸ் எண்ணுவதில் ஒரு சின்னக் கணக்கு பலருக்குத் தெரிவதில்லை. "பத்து ஹை பவர் ஃபீல்டு" என்பது நுண்ணோக்கிக்கு நுண்ணோக்கி மாறும். கண்ணருகு லென்ஸில் 22 என்று பொறித்திருந்தால், 40 மடங்கு லென்ஸில் பார்வை வட்டத்தின் விட்டம் 22-ஐ 40-ஆல் வகுத்தால் கிடைக்கும் 0.55 மி.மீ.; பரப்பு 0.24 சதுர மி.மீ. அதே 18 என்றிருந்தால் விட்டம் 0.45, பரப்பு 0.16. ஒரே கட்டியில் எண்ணிக்கை ஒன்றரை மடங்கு வித்தியாசப்படும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் 5-ஆம் பதிப்பு வகைப்பாடு எண்ணிக்கையைச் சதுர மி.மீ. கணக்கில் கேட்கிறது. இரைப்பை-குடல் ஸ்ட்ரோமல் கட்டிக்கு 5 சதுர மி.மீ. எண்ண வேண்டும். 22 என்று பொறித்த லென்ஸில் அது 21 வட்டம். நீங்கள் உட்காரும் நுண்ணோக்கிக்கு இதைக் கணக்கிட்டு ஒரு சீட்டில் எழுதி அதன் மேலேயே ஒட்டிவிடுங்கள்.

இம்யூனோவில் (ஆன்டிபாடி கொண்டு திசுவின் புரதங்களுக்கு நிறமேற்றும் சோதனை) ஃபெலோக்கள் செய்யும் முதல் தவறு, பயத்தில் பன்னிரண்டு ஆன்டிபாடி கேட்பது. சந்தேகத்தை இரண்டு மூன்று பெயர்களாகச் சுருக்கி, அவற்றைப் பிரிக்கும் சோதனையை மட்டும் கேட்கப் பழக வேண்டும். நுரையீரல் ஊசி பயாப்சியில் இது சிக்கன விஷயம் மட்டுமாக நிற்பதில்லை. சின்ன செல் கார்சினோமா இல்லை என்று தெரிந்தபின் அடினோவா (சுரப்பிவகைப் புற்று) ஸ்குவாமஸா என்று பிரிக்கப் பெரும்பாலும் டி.டி.எஃப். 1, பி 40 இரண்டே போதும். மீதித் திசு ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே., ஆர்.ஓ.எஸ். 1, பி.டி.-எல் 1 ஆகிய, மருந்தைத் தீர்மானிக்கும் சோதனைகளுக்குத் தேவை. பிளாக்கை ஒவ்வொரு முறை மைக்ரோடோமில் (பிளாக்கைச் சீவும் கருவி) ஏற்றும்போதும் முகப்பைச் சமன் செய்யத் திசு வீணாகிறது. எனவே முதல் தடவையிலேயே கறை படாத வெற்று ஸ்லைடுகளையும் சேர்த்து வெட்டி வாங்கிக்கொள்வது நல்ல ஆய்வகத்தின் வழக்கம்.

இரண்டாவது தவறு, உள்ளே இருக்கும் கன்ட்ரோலைப் பார்க்காமல் "நெகட்டிவ்" என்பது. மிஸ்மேட்ச் ரிப்பேர் (டி.என்.ஏ. பிழை திருத்தும் புரதங்கள்) சோதனையில் கட்டியின் அணுக்கரு நிறமற்று இருந்தால், பக்கத்து லிம்போசைட்டும் இணைப்புத் திசுவும் நிறம் ஏற்றிருக்கிறதா என்று பார்த்த பிறகே இழப்பு என்று சொல்ல வேண்டும். இரண்டும் நிறமற்றிருந்தால் சோதனையே நடக்கவில்லை. இந்தப் புரதங்கள் ஜோடியாகப் போகும்: எம்.எல்.எச். 1 போனால் பி.எம்.எஸ். 2-உம் போகும், எம்.எஸ்.எச். 2 போனால் எம்.எஸ்.எச். 6-உம் போகும். இந்த ஒழுங்குக்குப் பொருந்தாத முடிவு வந்தால் முதலில் சோதனையைச் சந்தேகப்படுங்கள். குடல் புற்றில் எம்.எல்.எச். 1 இழப்பைக் கண்டதும் பரம்பரை நோய் என்று எழுதிவிடாதீர்கள். பி.ஆர்.ஏ.எஃப். மரபணு மாற்றமோ எம்.எல்.எச். 1 மரபணுவை அணைக்கும் புரோமோட்டர் மெத்திலேஷனோ இருந்தால் அது பெரும்பாலும் பரம்பரை சாராதது. பி 53 புரதச் சோதனையில் முழுக்க நிறமில்லாததும் மரபணு மாற்றத்தின் அடையாளமே. அதை இயல்பான, அங்கங்கே நிறம் ஏற்ற அமைப்போடு குழப்பிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

ஹெர் 2 என்ற வளர்ச்சி ஏற்பிப் புரதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மார்பகத்தில் 10 சதவீதத்துக்கு மேற்பட்ட அணுக்களில் சவ்வு முழுச் சுற்றும் அடர்த்தியாக இருந்தால் 3+. 2+ என்றால் மரபணுப் பிரதிகளை எண்ணும் ஐ.எஸ்.எச். சோதனைக்குப் போகும். முன்பெல்லாம் 0-வா 1+-ஆ என்று யாரும் மெனக்கெடவில்லை, இரண்டும் நெகட்டிவ். 2022-இல் வெளிவந்த டெஸ்டினி-பிரெஸ்ட் 04 ஆய்வுக்குப் பின் குறைந்த அளவு ஹெர் 2 உள்ளவர்களுக்கும் ட்ராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகன் என்ற மருந்து பலன் தருவது தெரிந்ததால், அந்த மெல்லிய கோட்டுக்கு இப்போது சிகிச்சைப் பொருள் வந்துவிட்டது. 40 மடங்கு லென்ஸில் மட்டுமே தெரியும் மங்கலான நிறத்தை விடக் கூடாது. இரைப்பையில் விதியே வேறு: அணுவின் அடியும் பக்கமும் மட்டும் நிறம் ஏற்று மேல்பக்கம் திறந்திருந்தாலும் கணக்கில் சேரும், பயாப்சியில் ஐந்து அணுக்கள் கொண்ட ஒரு கொத்து போதும். மார்பக விதியை இரைப்பையில் போட்டால் மருந்து கிடைக்க வேண்டியவருக்குக் கிடைக்காது.

மூலக்கூறு சோதனைக்கு அனுப்பும்போது கட்டி அணுக்களின் சதவீதத்தைப் பரப்பைப் பார்த்துச் சொல்வார்கள், அது தவறு. எண்ண வேண்டியது அணுக்கருவை. பரப்பில் 70 சதவீதம் கட்டிபோல் தெரிந்தாலும் இடையில் நுழைந்த லிம்போசைட்டுகளை எண்ணினால் 30-க்கு வந்துவிடும். ஒரு பிரதியில் மட்டும் மாற்றம் உள்ள மரபணு, 20 சதவீதக் கட்டியில் சுமார் 10 சதவீத அளவாகத்தான் தெரியும். கட்டி 10 சதவீதம் என்றால் 5. பல சோதனைகளின் கண்டறியும் எல்லையே அங்கேதான் இருக்கிறது. நீங்கள் மிகையாக மதிப்பிட்டுவிட்டால் "மாற்றம் இல்லை" என்ற பொய் முடிவை எல்லாரும் நம்புவார்கள். நல்ல பகுதியை ஸ்லைடில் பேனாவால் வட்டமிட்டு அதை மட்டும் சுரண்டி எடுக்கச் சொல்வது எளிய தீர்வு. இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டதைத் தேடும் இணைவுச் சோதனைகளிலும் கவனம் வேண்டும். ஈ.டபிள்யூ.எஸ்.ஆர். 1 மரபணு உடைந்திருப்பதாக வந்தால் உடனே யூயிங் சார்கோமா என்று எழுத முடியாது. கிளியர் செல் சார்கோமா, டெஸ்மோபிளாஸ்டிக் சிறு வட்ட அணுக் கட்டி என்று பலவற்றில் அதே மரபணு உடைகிறது. அது ஒட்டிக்கொண்ட கூட்டாளி மரபணு எது என்பதும், ஸ்லைடில் தெரியும் உருவமும் சேர்ந்துதான் பெயரைத் தீர்மானிக்கும்.

சைட்டாலஜியில் கற்க வேண்டிய தலையானது, ஊசி போடும் இடத்திலேயே நின்று போதுமா என்று சொல்வது. நல்ல ஸ்மியர் நாலு போட்டு மகிழ்ந்துவிட்டு செல் பிளாக்குக்கு (எடுத்த செல்களைத் திரட்டி மெழுகில் பதிப்பது) ஒன்றும் மிச்சம் வைக்காமல் போவது அங்கே நடக்கும் வழக்கமான விபத்து. லிம்போமா சந்தேகமென்றால் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கான துளியை முதலிலேயே ஒதுக்க வேண்டும், எல்லாம் ஃபார்மலினில் விழுந்தபின் வழியில்லை.

வெளியிலிருந்து இரண்டாம் கருத்துக்கு வரும் ஸ்லைடுகள் ஃபெலோவுக்குப் புதையல். அவற்றை அணுகும் வரிசை முக்கியம். பிளாக் எண்ணும் ரிப்போர்ட்டும் பொருந்துகின்றனவா என்று சரிபார்த்து, பழைய முடிவைப் படிக்காமல் ஸ்லைடைப் பார்த்து, எழுதி, அப்புறம் படியுங்கள். முதலிலேயே படித்தால் கண் அந்தப் பெயருக்கேற்ற அணுக்களைத்தான் தேடும். எலும்புக் கட்டியில் மட்டும் வரிசை தலைகீழ்: எக்ஸ்-ரே பார்க்காமல் ஸ்லைடைத் தொடவே கூடாது. முறிந்து ஆறும் எலும்பு பெரிய லென்ஸில் பார்த்தால் சார்கோமா மாதிரியே மிரட்டும். முடிவு மாறும்போது முந்தையவரைக் குத்தும் சொற்கள் ரிப்போர்ட்டில் வேண்டாம். அவர் கையில் இருந்தது ஒரு பிளாக், உங்களிடம் வந்திருப்பது முழு உறுப்பாக இருக்கலாம்.

டியூமர் போர்டில் (பல துறை மருத்துவர்கள் கூடி கேஸ்களை விவாதிக்கும் கூட்டம்) வாரம் ஒரு முறையாவது நீங்களே பேச வாய்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மற்றதெல்லாம் தானே வரும்.

நேர்காணலுக்குப் போகும்போது கேட்க வேண்டியவை சில. ஸ்லைடு ஃபெலோவிடம் வந்து கையெழுத்தாகும் வரை முன்பார்வைக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும்? காலையில் தட்டு வந்து அரை மணியில் சைன் அவுட் (மூத்தவர் பார்த்து ரிப்போர்ட்டில் கையெழுத்திடும் அமர்வு) தொடங்கும் இடத்தில் முன்பார்வை வெறும் பேச்சு. கிராசிங் வாரத்தில் எத்தனை நாள்? ஒன்றுமே இல்லை என்பதும் ஆறு நாளும் என்பதும் இரண்டுமே கெட்ட பதில். ஃப்ரோசன் அழைப்பு முதலில் யாரிடம் வருகிறது? மூலக்கூறு ஆய்வகம் உள்ளேயே இருக்கிறதா, முடிவுகளை விவாதிக்க ஃபெலோ உட்காருகிறாரா? சைன் அவுட் உறுப்பு வாரியா, கலந்ததா? கடைசி மாதங்களில் பொறுப்பு கூடுகிறதா? இந்தக் கேள்விகளைத் துறைத் தலைவரிடம் கேட்டதோடு விடாமல், இப்போது அங்கே இருக்கும் ஃபெலோக்களிடமும் தனியாகக் கேளுங்கள். இரண்டு பதில்களுக்கும் இடையே உள்ள தூரமே ஒரு தகவல். தேர்வில் ஸ்லைடு வைத்தால் அரிய கட்டிகளைவிடச் சாதாரணக் கட்டியில் முழு ரிப்போர்ட் எழுதச் சொல்வதுதான் அதிகம் சிக்கவைக்கும். நிலை, மார்ஜின், முடிச்சு வரையறைகளை மனதில் ஏற்றிக்கொண்டு போங்கள். காவல் முடிச்சில் (புற்று முதலில் எட்டும் நிணநீர் முடிச்சு) 0.2 மி.மீ. வரை தனித்த அணுக்கள், அதற்கு மேல் 2 மி.மீ. வரை நுண்படிவு, முடிச்சை 2 மி.மீ.க்கு மேல் தடிக்காமல் சீவுவதும் இந்த அளவுக்காகத்தான்.

ஆராய்ச்சி ஒன்று செய்வதாக இருந்தால் முதல் இரண்டு மாதத்துக்குள் தலைப்பை முடிவு செய்துவிடுங்கள். நெறிமுறைக் குழு அனுமதியும் பழைய பிளாக்குகளைத் தேடி எடுப்பதும் நீங்கள் நினைப்பதைவிட நீளும். ஆறாவது மாதத்தில் தொடங்கியவை பெரும்பாலும் பாதியில் நிற்கும். சிறிய கேள்வி, ஆய்வகத்திலேயே இருக்கும் பிளாக், புதிய ரசாயனம் தேவைப்படாத அளவீடு, இவ்வளவு போதும்.

கடைசி இரண்டு மாதங்களை முன்னமே காலியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேறுபாட்டுக் குறிப்பேட்டை உறுப்பு வாரியாகப் பிரித்துப் பார்த்தால் எந்தப் பக்கம் அதிகம் நிரம்பியிருக்கிறது என்று தெரியும். பிடித்த உறுப்பை விட்டுவிட்டு அந்த உறுப்பின் சைன் அவுட்டில் போய் உட்காருங்கள். கிளம்பும்போது கையில் இருக்க வேண்டியவை அந்தக் குறிப்பேடு, ஒவ்வொரு உறுப்புக்கும் நீங்களே செப்பனிட்ட கிராசிங் மற்றும் ரிப்போர்ட் வடிவங்கள், கடினமான கேஸில் ஸ்லைடு அனுப்பிக் கேட்கக்கூடிய இரண்டு மூன்று மூத்தவர்களின் ஒப்புதல். நோயாளியின் பெயரோ எண்ணோ உள்ள புகைப்படம் ஒன்றுகூட உங்கள் கைபேசியில் இருக்கக் கூடாது. கிளம்பும் நாளுக்கு முன்பே அதைச் சரிபார்த்து அழித்துவிடுங்கள்.